அண்ணையின் இரத்தமும் ஹம்சினியின் கண்களும்

"ஐயோ... போச்சு!"

ஆராய்ச்சி மாணவி ஹம்சினியின் கையிலிருந்த பெட்டி நடைபாதையில் விழுந்து திறந்துகொண்டது. உள்ளே இருந்த மூன்று கண்ணாடிக் குழாய்களும் நொறுங்கி, மொன்ட்ரியாலின் மே மாத மழைநீரில் சிவப்பு கரைந்து ஓடியது.

மெட்ரோ படியேறி வேகமாக வந்தவனின் குடைதான் இடித்திருந்தது.

"பார்த்து வரக்கூடாதா?" அவசரத்தில் தமிழே வந்துவிட்டது.

"தமிழோ?" குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தான். அவன் நனைந்தான். இமைகளில் மழைத்துளிகள்... ஆண்பிள்ளைக்கு இவ்வளவு நீள இமையா!

"ஆமா. ஒரு நோயாளி கஷ்டப்பட்டுக் கொடுத்த ரத்தம் தெரியுமா? இன்னைக்கே லேப்ல சோதிக்கணும்..."

அவன் குனிந்து, உடைந்த குழாயில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தான். முகம் மாறியது.

"இரவிச்சந்திரன். என்ர அண்ணை. ஆஸ்பத்திரியில இருந்து அவரைக் கூட்டிப்போகத்தான் வந்தனான்."

அவன் பெயர் கஜீவன்; டவுன்டவுன் உணவகம் ஒன்றில் சமையல்காரன். அண்ணனோடு நகரின் வடபகுதியான மொன்ட்ரியால்-நோரில் குடியிருந்தான். இலங்கையிலிருந்து அகதியாகத் தனியே வந்த அண்ணன் பத்து வருடங்கள் குடித்துத் தீர்த்ததில் ஈரல் கெட்டிருந்தது. கண்கள் மஞ்சள். குடியை இப்போதுதான் விட்டிருந்தார்.

"இனி ஒரு சொட்டும் தரமாட்டம்," என்றான் கஜீவன், மருத்துவமனைக்குள் வந்ததும்.

"சும்மா இரு தம்பி," என்றார் இரவிச்சந்திரன். "அடுத்த கிழமை எடுங்கோ பிள்ளை. ஒருத்தருக்கும் உதவாத உடம்பு. இதெண்டாலும் உதவட்டும்."

ஹம்சினி அடுத்த வாரத் தேதியைக் குறித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் தம்பியும் வந்தான். கை கட்டி, முறைத்தபடி.

"அண்ணையின்ர ரத்தத்தில என்னத்தைத் தேடுறீங்கள்?"

"இயற்கைக் கொல்லி செல்னு ஒண்ணு இருக்கு. யாரும் சொல்லாமலே, கிருமி புகுந்த செல்லைத் தேடிப்போய் அழிக்கும். குடியால ஈரல் கெட்டவங்களுக்கு அது சோர்ந்துபோகுது. ஏன்னு பார்க்கறோம்."

"செல்லோ? நாங்கள் கலம் எண்டு படிச்சனாங்கள்."

"கலமா? எங்க ஊர்ல அது பாத்திரம்!"

முறைப்பு உடைந்து சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில், குழாயில் எழுத வந்த எண் அவளுக்கு மறந்துபோனது...

"ஒப்பிட்டுப் பார்க்கக் குடிக்காதவங்க ரத்தமும் வேணும்."

"நான் மணந்தும் பார்த்ததில்லை. எடுங்கோ." சட்டைக் கையை மடித்தான். ஊசியைக் கண்டதும் கண்களை இறுக மூடிக்கொண்டான். "ஒரு நாளைக்கு அம்பது கோழி வெட்டுறன்... இதுக்குத்தான் பயம்."

"முடிஞ்சுது. கண்ணைத் திறங்க."

திறந்தான். அவள் கண்கள் மிக அருகில் இருந்தன. இருவருமே சற்றுத் தாமதமாகத்தான் விலகினார்கள்.

அந்தக் கோடை கனவு போலக் கழிந்தது. இரு வாரத்துக்கொருமுறை அண்ணன் வருவார். தம்பி கையில் அவளுக்கென்று ஒரு சாப்பாட்டுப் பொதி இருக்கும். நுண்ணோக்கியில் கண் வைத்தால் செல்கள் தெரியவில்லை அவளுக்கு... இமைகள்தான் தெரிந்தன. வருவானா இன்று? வருவான்...

செப்டம்பரில் ஒருநாள், நடைக்கூடத்தில் அவளுடைய பேராசிரியர் சண்முகவேல் சிரித்தபடி சொன்னார். "அந்தப் பையனோடது குடிகாரங்க குடும்பம்மா. வேலையோட நிறுத்திக்க. கொஞ்சம் தள்ளியே இரு."

ஹம்சினி தலை குனிந்துகொண்டாள். திரும்பினால், பின்னால் கஜீவன். பொதியைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அதன்பின் அண்ணன் மட்டுமே வந்தார். ஐந்து வாரங்கள்.

"அஞ்சு மாசமா நீங்க குடிக்கல. உங்க செல் முன்னைவிட நல்லா வேலை செய்யுது," என்றாள் அவரிடம். "ஒருத்தரை வச்சு முடிவா எதுவும் சொல்ல முடியாது. ஆனா எனக்குச் சந்தோஷமா இருக்கு."

"தம்பியிட்ட நீங்களே சொல்லுங்கோ பிள்ளை. அவன் சிரிப்பையே மறந்திட்டான்."

மறுநாள் மதியம், உணவகத்தின் பின்வாசலில் அவன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். மேப்பிள் இலைகள் சந்து முழுக்கச் சிவந்து கிடந்தன. அவளைக் கண்டும் எழவில்லை.

"உங்கட பேராசிரியர் சொன்னது சரிதானே. தள்ளியே இருங்கோ."

"எங்க அப்பா திருச்சியில பேங்க் மேனேஜர்," என்றாள். "நான் காலேஜ்ல இருந்தப்போ செத்துப்போனார். மஞ்சள் காமாலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னோம். குடிதான், கஜீவன். இதே ஈரல் நோய்தான்."

கத்தி நின்றது.

"அன்னைக்கே 'நானும் அந்த மாதிரிக் குடும்பம்தான் சார்'னு சொல்லியிருக்கணும். வெட்கப்பட்டு நின்னுட்டேன். இன்னைக்குக் காலையில அவர்கிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னவர்?"

"மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வச்சார். அப்புறம் மன்னிப்புக் கேட்டார். நான் கேட்க வேண்டியது உங்ககிட்ட."

அவன் எழுந்து ஏப்ரனில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எனக்கு வடிவாக் கதைக்கத் தெரியாது, ஹம்சினி. உங்களைக் காணாட்டி ஒரு வேலையும் ஓடேல்லை. நேற்றுச் சூப்புக்கு ரெண்டு தரம் உப்புப் போட்டன். இது என்னவெண்டு எனக்கே விளங்கேல்லை."

"எனக்குப் புரியுது," என்றாள், கண்கள் நிறைய. "காதல். எனக்கும் அதேதான்."

உள்ளிருந்து தலைமைச் சமையல்காரர் பேனாட், 'உருளைக்கிழங்கு எங்கே?' என்று பிரெஞ்சில் கத்தினார்.

"பேந்து... பிறகு வாறன்!" என்று தமிழிலேயே பதில் கொடுத்துவிட்டு, கஜீவன் அவள் கையைப் பற்றிக்கொண்டான்.