இருபதாயிரம் பேரின் கிரகப்பிரவேசம்

சேலையூரில் ஒரு வீட்டின் பின்பக்கம், முருங்கை மரத்தடியில், ஒரே நாளில் இருபதாயிரம் பேர் குடியேறினார்கள்.

லாரி வரவில்லை. மூட்டை முடிச்சு இல்லை. எல்லாரும் ஒரே ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கினார்கள்.

வந்தவர்கள் தேனீக்கள். எண்ணிப் பார்த்தவர் யாரும் இல்லை என்பதால் இருபதாயிரம் என்று நான் சொல்வதுதான் கணக்கு. வேண்டுமானால் ஒன்றிரண்டு கூட இருக்கலாம்.

அவர்களை வரவழைத்தவள் தேவதர்ஷினி. ஐந்தாம் வகுப்பு. அவள் வீட்டுப் பூசணிக்கொடி பூத்தது, பூத்தது, பூத்துக்கொண்டே இருந்தது. காய் மட்டும் ஒன்றுகூட இல்லை. பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோகத் தேனீ வேண்டும் என்று பள்ளியில் படித்தாள். அன்றிலிருந்து அம்மா ரமாவிடம் கேட்க ஆரம்பித்தாள். காலையில் கேட்டாள், மாலையில் கேட்டாள், தூக்கத்திலும் கேட்டாள். ஐந்தாவது மாதம் அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "சரிடி, வாங்கித் தரேன். விடு" என்றாள்.

ஆனால் பக்கத்து வீட்டு யூனிஸ் டீச்சர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. அவர் கணக்கு டீச்சர். புலி வந்தால்கூட, "ஏன் லேட்டு?" என்று கேட்கக் கூடியவர். ஆனால் பறந்து வந்து கொட்டுகிற எதைக் கண்டாலும் அவருக்குக் கை கால் உதறும்.

"சொல்லிட்டேன் ரமா" என்றார் மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. "ஒரே ஒரு தேனீ என் காம்பவுண்டுக்குள்ள வந்தாலும் பெட்டி வெளிய போயிடணும்."

"சரி டீச்சர்" என்று வாக்குக் கொடுத்தாள் தேவதர்ஷினி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பம்மலிலிருந்து குப்புராஜ் வந்தார். தேனீப் பெட்டி செய்து, தேனீக்களையும் குடிவைத்துத் தருகிறவர். முருங்கை மரத்தடியில் ஒரு ஸ்டாண்டை நிறுத்தி, எறும்பு ஏறாமல் இருக்க அதன் நான்கு கால்களுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணங்கள் வைத்தார். தேனடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புதுப் பெட்டிக்குள் இறக்கினார். பிறகு பெட்டியின் வாசலில் ஒரு தகரப் பட்டையைச் செருகினார். அதில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"இன்னா பாப்பா, இது இன்னாத்துக்குன்னு பாக்குறியா?" என்றார். "இந்த ஓட்டைல மத்ததுங்க போவும் வரும். ராணி பெருசு, அதால வெளிய வர முடியாது. ராணி கெளம்புச்சுன்னா மொத்த கும்பலும் பின்னாடியே கெளம்பிடும். புது வூடு இல்ல? பழகணும். அஞ்சு நாளைக்கு இத மட்டும் எடுக்காத. இன்னா?"

"எடுக்க மாட்டேண்ணா."

அவள் எடுக்கவில்லைதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாடம்பாக்கத்திலிருந்து அத்தை அங்காளம்மாள் வந்து இறங்கினாள். அப்பாவின் அக்கா. அப்பா ரயில்வே ட்யூட்டிக்கு விடிவதற்கு முன்பே போய்விட்டதால் அத்தையைத் தடுக்க ஆளில்லை. (அப்பா இருந்தாலும் தடுத்திருக்க முடியாது என்பது வேறு விஷயம்.) அத்தையின் பையில் தேங்காய், மாவிலை, சாம்பிராணி, ஒரு லிட்டர் பால்.

"என்ன ரமா இது! இத்தனை உசுரு குடி வந்திருக்கு, ஒரு பால்கூடக் காய்ச்சலையா? மனுஷனுக்கு ஒரு நியாயம், தேனீக்கு ஒரு நியாயமா?"

"அண்ணி, அது பெட்டி..."

"பெட்டியா இருந்தா என்ன? அதுங்களுக்கு அதுதானே வீடு? நீ போய்ப் பால வை."

அம்மா பால் வைக்கப் போனாள். தேவதர்ஷினி தேனீக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கப் போனாள். ஐந்தே நிமிடம். அதற்குள் பெட்டிக்கு மாவிலைத் தோரணம் கட்டியாயிற்று. மூடியில் மஞ்சள், குங்குமம். வாசலுக்கு நேராகச் சாம்பிராணி. சேலையூர் ஏரிக்கு மேலே மழை மேகம் திரண்டுவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்குப் புகை.

தேவதர்ஷினி டம்ளரோடு வந்தாள். முதலில் பெட்டியின் வாசலைத்தான் பார்த்தாள்.

"அத்தை! அந்தத் தகரம் எங்க?"

"இதோ, இடுப்புல செருகியிருக்கேன்" என்றாள் அத்தை பெருமையாக. "கிரகப்பிரவேசத்தன்னிக்கு எவனாவது வாசலை அடைச்சு வெப்பானா? அந்தக் குப்புராஜுக்கு ஒண்ணும் தெரியல. வாசல் தொறந்திருந்தாதான் லட்சுமி உள்ள வருவா."

லட்சுமி உள்ளே வந்தாளோ என்னவோ, ராணி வெளியே போய்விட்டது.

முதலில் 'உம்' என்று ஒரு சத்தம். தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து எல்லா விமானங்களும் ஒன்றாகக் கிளம்பினால் எப்படி இருக்கும்? அதைவிடக் கொஞ்சம் அதிகம். பெட்டி வாசலிலிருந்து தேனீக்கள் குழாய்த் தண்ணீர் போலக் கொட்டின. முருங்கை மரத்தை மூன்று சுற்றுச் சுற்றின. பிறகு மதில் சுவருக்கு மேலே எழும்பின.

"அந்தப் பக்கம் வேண்டாம்... அந்தப் பக்கம் வேண்டாம்..." என்று தேவதர்ஷினி கெஞ்சினாள்.

தேனீக்களுக்கு அது காதில் விழவில்லை.

யூனிஸ் டீச்சர் வீட்டு மாடி விளிம்பில், ஒரு கொக்கியில், பெரிய காகித நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து பத்து நாளாகியும் கழற்றவில்லை. அதன் கீழ்முனையில் போய் உட்கார்ந்தது ராணி. அதைச் சுற்றி நூறு, ஆயிரம், பத்தாயிரம். இரண்டே நிமிடத்தில் நட்சத்திரத்தின் முனையில் ஒரு பலாப்பழம் தொங்கியது. அந்தப் பலாப்பழம் மெல்ல அசைந்தது.

ஒரே ஒரு தேனீ வரக் கூடாது என்றார் டீச்சர். ஒன்று வரவில்லை. இருபதாயிரம் வந்தது.

"ரமா!" ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஓர் அலறல். "ரமா! என் ஸ்டார்ல என்ன அது?"

அந்த அலறலில் நாலு தெரு கூடிவிட்டது. எல்லாருக்கும் முன்னால் நலச் சங்கச் செயலாளர் மோகன்ராஜ், கையில் போனோடு நின்றார்.

"யாரும் பயப்படாதீங்க!" என்றார், கேட்டுக்கு இருபதடி தள்ளி நின்றுகொண்டு. "பூச்சி மருந்து அடிக்கிறவங்களைக் கூப்பிட்டாச்சு. பல்லாவரத்துல இருக்காங்க. அரை மணி நேரத்துல வந்து ஒண்ணு விடாம முடிச்சிடுவாங்க."

தேவதர்ஷினி அவர் முன்னால் ஓடினாள். "சார், வேண்டாம் சார்! அதுங்க ஒண்ணும் பண்ணாது. நாங்க எடுத்துடறோம்."

"எப்படிம்மா எடுப்ப? பையில போட்டா?"

தேனீக்கள் கிளம்பியதுமே அம்மா குப்புராஜுக்குச் சொல்லியிருந்தாள். தேவதர்ஷினி அம்மாவின் போனில் அவரை மறுபடி கூப்பிட்டாள்.

"கெளம்பிட்டேன் பாப்பா!" என்றார் அவர். "ஆனா குரோம்பேட்டைல வண்டி நவுரவே இல்ல, ஒரே பேஜாரா கீது. ஒரு மணி நேரம் ஆவும். கொத்தா தொங்குதுல்ல? அப்போ ஒண்ணும் பண்ணாது. பொட்டியக் கீழ வெச்சு கொத்த அப்டியே உள்ள தள்ளணும், அவ்ளோதான். நீ ஏணி கீணி ஏறாத, நான் வரேன்."

அவருக்கு ஒரு மணி நேரம். மருந்துக்காரர்களுக்கு அரை மணி நேரம். இந்தக் கணக்கு சரிவராது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

தேவதர்ஷினி நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்தாள். பன்னிரண்டு அடி உயரம். ஏணி கூடாது. கல் எறிய முடியாது. கொத்தை எப்படித் தள்ளுவது?

அவள் கண் கொத்திலிருந்து நட்சத்திரத்துக்குப் போனது. நட்சத்திரத்திலிருந்து கயிற்றுக்கு. கயிறு கொக்கியைத் தாண்டிக் கீழே இறங்கி, டீச்சர் வீட்டு ஜன்னல் கம்பியில் முடிந்திருந்தது.

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். "டீச்சர்! இந்த ஸ்டாரை எப்படி மேல ஏத்துனீங்க?"

"கயித்தை இழுத்துதான்" என்றார் டீச்சர் கண்ணாடிக்குப் பின்னால். "இப்ப அதுவா முக்கியம்?"

"அப்ப விட்டா கீழ இறங்கும்ல?"

முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு இந்தக் கணக்கு இதுவரை தோன்றவில்லை.

"இறங்கும்" என்றார் மெதுவாக. "ஆனா முடிச்சு வெளிப்பக்கக் கம்பியில இருக்கு. ஜன்னலைத் திறந்து கையை நீட்டணும். என்னால முடியாதும்மா. கர்த்தர் சத்தியமா முடியாது."

"டீச்சர், பெட்டி போயிடும். நான் வாக்குக் கொடுத்திருக்கேன். குப்புராஜ் அண்ணன் வந்ததும் எடுத்துட்டுப் போகச் சொல்லிடறேன்." "ஆனா அதுங்க செத்துப் போக வேணாம் டீச்சர். வழி தெரியாமதான் இங்க வந்துடுச்சு."

டீச்சர் கொத்தைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார்.

தேவதர்ஷினியிடம், குப்புராஜ் பெட்டியோடு கொடுத்த, முகத்தை மூடும் வலைத் தொப்பி இருந்தது. ஒன்றே ஒன்றுதான். அதை வீட்டிலிருந்து எடுத்து வந்தாள். டீச்சர் வீட்டுப் பின்கதவுக்குப் போய்த் தட்டினாள்.

"நீங்க போட்டுக்கோங்க. நான் கொசுவலை சுத்திக்கறேன்."

அடுத்த ஐந்து நிமிடத்தில் சேலையூர் அதுவரை கண்டிராத ஓர் ஊர்வலம் புறப்பட்டது. அம்மா அப்பாவின் ரெயின்கோட்டுக்குள் இருந்தாள். தேவதர்ஷினி தலை முதல் கால் வரை நீலக் கொசுவலைக்குள் இருந்தாள். இருவரும் பெட்டியைத் தூக்கி வந்து, நட்சத்திரத்துக்கு நேர் கீழே ஒரு முக்காலியில் வைத்தார்கள். மூடியைத் திறந்து, நடுவில் இருந்த இரண்டு தேனடைச் சட்டங்களை எடுத்து இடம் செய்தார்கள். அத்தை சாம்பிராணியை அணைத்துவிட்டு, கூட்டத்தை நோக்கி, "ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது!" என்று உலகத்திலேயே பெரிய குரலில் கத்தினாள்.

ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்தது. பிறகு ஒரு சாண். வலைத் தொப்பி போட்ட ஒரு தலை தெரிந்தது. சமையலறைக் கையுறை மாட்டிய ஒரு கை வெளியே வந்தது. அந்தக் கை நடுங்கிய நடுக்கத்தில் ஜன்னல் கதவு கடகடவென்று தாளம் போட்டது.

ஆனால் கை உள்ளே போகவில்லை.

"மெதுவா விடுங்க டீச்சர்... இன்னும்... நில்லுங்க!"

நட்சத்திரம் இறங்கியது. தெருவே மூச்சைப் பிடித்தது. இரண்டு தேனீக்கள் டீச்சரின் கையுறையில் உட்கார்ந்து நடந்து பார்த்தன.

"ஐயோ, கையில... கையில..."

"அது சும்மா பாக்குது டீச்சர். இன்னும் ஒரு சாண். இன்னும் நாலு விரல். போதும்!"

பலாப்பழம் பெட்டிக்குள் இறங்கி நின்றது.

"இப்ப கயித்தைச் சட்டுனு ஒரே ஒரு இழுப்பு இழுங்க!"

"ஸ்தோத்திரம்!" என்று கத்திக்கொண்டே இழுத்தார் டீச்சர்.

தொப்!

கொத்து மொத்தமாக உள்ளே விழுந்தது. மிச்சமிருந்த சில நூறு தேனீக்கள் மேலே பறந்து குழம்பின. தேவதர்ஷினி மூடியை வைத்தாள். காத்திருந்தாள். ராணி உள்ளே இருந்தால் மற்றவை தாமாக உள்ளே போகும். இல்லாவிட்டால் எல்லாம் மறுபடி வெளியே வரும்.

ஒரு தேனீ பெட்டி வாசலில் இறங்கியது. உள்ளே போகவில்லை. திரும்பி நின்று, வாலைத் தூக்கி, 'இங்கே, இங்கே' என்று கூப்பிடுவது போலச் சிறகடித்தது. இன்னொன்று இறங்கியது. பத்து இறங்கின. பிறகு பறந்துகொண்டிருந்தவை எல்லாம் ரயிலுக்கு வரிசையில் நிற்பது போல இறங்கி, உள்ளே நடக்க ஆரம்பித்தன. (தாம்பரத்தில் ரயிலுக்கு யாரும் அப்படி வரிசையில் நிற்பதில்லை. தேனீக்கள் நின்றன.)

"அத்தை! தகரம்!"

அத்தை இடுப்பிலிருந்து உருவி நீட்டினாள். தேவதர்ஷினி அதை வாசலில் செருகினாள்.

அப்போது எழுந்த கைதட்டலில் பெருங்களத்தூரில் தூங்கிக்கொண்டிருந்த நாய்கள்கூட எழுந்து உட்கார்ந்தன என்று கேள்வி.

அந்தச் சமயம் பார்த்து மருந்து வண்டி வந்தது. முதுகில் டாங்க் மாட்டிய ஆள் இறங்கி, "எங்க சார் பூச்சி?" என்றார்.

எல்லாரும் மோகன்ராஜைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்தார். "வந்ததுதான் வந்தீங்க... எங்க வீட்டுச் சமையலறையில கரப்பான்பூச்சி கொஞ்சம் இருக்கு" என்று அழைத்துப் போனார்.

குப்புராஜ் வந்து பார்த்தபோது வேலை ஏதும் பாக்கி இல்லை. பெட்டியில் காது வைத்துக் கேட்டார். "யாரு புட்ச்சது? நீயா?" என்றார். "சாயங்காலம் வரிக்கும் பொட்டி இங்கியே இருக்கட்டும். வெளிய சுத்தறதுங்க வந்து சேரணும்."

அன்று முழுக்கப் பெட்டி யூனிஸ் டீச்சர் வீட்டு வாசலில் இருந்தது. காலையில் ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. மதியம் முழுக்கத் திறந்திருந்தது. மூன்று மணிக்கு டீச்சர் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் வலைத் தொப்பி. கையில் காபி. அதைத் தொப்பியோடு எப்படிக் குடிப்பது என்றுதான் தெரியவில்லை.

இருட்டத் தொடங்கியதும் தேவதர்ஷினி மறுபடி கொசுவலையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பின்னால் குப்புராஜ்.

"டீச்சர், பெட்டியை எடுத்துக்கறோம்."

"எங்க கொண்டு போறீங்க?"

"பம்மலுக்கு." அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "ஒரு தேனீ வந்தாலும் போயிடணும்னு நீங்க சொன்னீங்கல்ல."

"சொன்னேன்தான்" என்றார் டீச்சர். "அது பயந்தவ சொன்னது. இன்னைக்கு என் கையில ரெண்டு நடந்து போச்சு. ஒண்ணும் பண்ணல." பிறகு வகுப்பில் பேசுகிற குரலில், "குப்புராஜ், என்ன நிக்கறீங்க? தூக்குங்க. முருங்கை மரத்தடிக்கு!" என்றார்.

தேவதர்ஷினி குதித்த குதியில் கொசுவலை கிழிந்தது.

ஐந்து நாள் கழித்துத் தகரப் பட்டையை எடுத்தாள். தேனீக்கள் வெளியே பறந்தன. மதிலின் இரண்டு பக்கமும் ராணி கிளம்புமோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை. கால் மணி நேரம் கழித்து ஒரு தேனீ திரும்பி வந்தது. அதன் கால்களில் மஞ்சளாய் இரண்டு மகரந்த உருண்டைகள்.

"பூசணிப் பூவுல இருந்து!" என்று கத்தினார் டீச்சர், சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து.

தேவதர்ஷினி பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்தாள். நம் ஊரில் எந்த வீட்டுக்கும் புதிய எண், பழைய எண் என்று இரண்டு எண் வேண்டுமே! பெட்டியின் முகப்பில் 'புதிய எண்: 9-ஏ' என்று எழுதினாள். கீழே 'பழைய எண்:' என்று எழுதிவிட்டு, கொஞ்சம் யோசித்தாள்.

பிறகு எண் எதுவும் போடாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு பெரிய நட்சத்திரம் வரைந்தாள்.