செண்பகங்களுக்குச் சொன்ன சொல்

மல்லாந்து கிடக்க வேண்டிய ஐந்து செண்பகப் பறவைகளில் ஒன்று குப்புறக் கிடந்தது.

சிவகௌரி இழுப்பறையைத் திறந்தபடியே நின்றாள். 1990ஆம் ஆண்டு நவம்பர். இறந்துபோன தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் இலங்கையில் சுட்டு, பாடம் செய்து கொண்டுவந்த பறவைகள் விம்பிள்டனில் அவருடைய பழைய வீடு முழுக்கக் கிடந்தன. பூச்சி அரிக்காமல் பார்ப்பது அவளுடைய வேலை. பெயர்களைப் பதிவது மலேசியாக்காரர் இளங்கோவனின் வேலை. இந்த ஐந்தும் பச்சைச் சொண்டுச் செண்பகங்கள். அந்தத் தீவின் தென்மேற்கு மழைக்காட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம், அங்கும் அழிந்துகொண்டு வருகிறது என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

தூக்கித் திருப்பினாள். வயிற்றுப் பக்கம் இளஞ்சூடாக இருந்தது.

பக்கத்தில் ஹீட்டர் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கோட்டை மாட்டி, விளக்கை அணைத்து, வாசலில் நின்று வழக்கம்போல, "போயிட்டு வாறன்" என்றாள். ஊரைவிட்டு ஓடிவந்த அன்று அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தக் குற்றவுணர்வில், ஆளில்லாத அறைக்கும் சொல்லாமல் இப்போது கால் எழும்புவதில்லை.

நடையில் நின்ற இளங்கோவன் சிரித்தார். "செத்த வீட்டுல அப்படிச் சொல்லலாமா? இன்னொரு சாவுக்கு வரேன்னு ஆயிடுமே."

"இது செத்த வீடோ?"

கேட்ட பிறகுதான் யோசித்தாள். நானூறு பிணங்கள் கிடக்கிற வீடு. மூன்று மாதமாக, ஒவ்வொரு பின்னேரமும், அவற்றுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். எந்தச் செத்த வீட்டிலும் யாழ்ப்பாணத்தார் விடைபெறுவதில்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

பூட்டிய அறைக்குள் ஏதோ கூவியது. குடத்துக்குள் வாயை வைத்துக் கூப்பிடுவதுபோல அடித்தொண்டையில் ஒரு சத்தம்: ஊப். இளங்கோவன் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை.

ஸ்டேஷனடித் தொலைபேசிப் பெட்டிக்கு ஓடினாள். மகள் கிரிஜாவுக்கு ஆறு வயது. இந்த ஊரில் அவளுக்கு இருப்பது அந்தப் பிள்ளை மட்டும்தான். பள்ளிக்கூடம் விட்டால் கீழ்வீட்டு டொலறஸ் அக்காதான் கூட்டிவந்து, சிவகௌரியின் மேல்வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்வாள்.

"பிள்ளைக்குக் கொஞ்சம் மேல் காயுது," என்றாள் டொலறஸ். "பனடோல் குடுத்தனான். நித்திரையிலை என்னவோ கூவுறாள். நீ பயப்பிடாமல் வா, பிள்ளை."

"வாறன்" என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமலே வைத்துவிட்டாள்.

ஐந்து மணிக்கே கரியைப் பூசியதுபோல் இருட்டியிருந்தது, பஸ்ஸின் மேல்தட்டில் ஈரக் கம்பளியும் சிகரெட்டும் நாறின, ஆனால் அவளுடைய கைகளிலிருந்து பூச்சி உருண்டை வாசனையும் அதற்கடியில் மழை ஊறிய இலைகளின் வாசனையும் எழும்பின, ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே இலையுதிர்ந்த மரங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிப் பார்த்தாள். ஊப். முன்னாலுள்ள மரத்தில். அடுத்த நிறுத்தம். ஊப். அதற்கும் முன்னால். அது அவளைத் தொடரவில்லை. அவளுக்கு முன்பே போய்க்கொண்டிருந்தது.

இறங்கி ஓடினாள். படிகள். கதவு. குசினியில் டொலறஸ் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் காய்ச்சல் விட்டது. தொட்டுப் பார்த்தனான், நல்லாக் குளிர்ந்திட்டுது."

அறைக்குள் விளக்கில்லை. தெருவெளிச்சம் மட்டும். கட்டிலில் கிரிஜா. போர்வை கழுத்துவரை. கண்கள் மூடியிருந்தன.

"அம்மா வந்திட்டன் ராசாத்தி."

கன்னத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. மூக்கருகே விரலை வைத்தாள். காற்றில்லை. நெஞ்சில் கையை வைத்து அழுத்தினாள். ஏறவில்லை. இறங்கவில்லை. என்ரை பிள்ளை. கடவுளே, என்ரை பிள்ளை.

உள்ளங்கைக்கடியில் ஏதோ அதிர்ந்தது.

ஊப்.

மூடிய உதடுகள் அசையவில்லை. தொண்டை மட்டும் மெல்ல உப்பி, வடிந்தது. ஜன்னலுக்கு வெளியே, இருட்டுக்குள், நாலைந்து தொண்டைகள் ஒன்றாகப் பதில் சொல்லின.

குசினியிலிருந்து டொலறஸின் குரல் சந்தோஷமாக வந்தது.

"எழும்பிட்டாளோ? அங்கை பார், திரும்பக் கூவத் தொடங்கிட்டாள்."