நிறுத்துப் பொத்தான்

கோலா சாவாவுக்குப் போகும் சாலையில், செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக இருந்த நெல்சனின் வீட்டு வாசலில் அந்த லாரி வந்து நின்றபோது மத்தியானம் மூன்று மணி. மழைக்கு வானம் கறுத்துக் கிடந்தது. தார்ப்பாயை விலக்கியதும் நெல்சன் ஓரடி பின்வாங்கினான்.

பழைய மில்லிங் மெஷின். மேசைமேல் வைத்து இரும்பைச் சீவுகிற சின்ன ரகம்.

நெல்சன் பதினெட்டு வருடம் போர்மேனாக இருந்த செம்பனை எண்ணெய் ஆலையை அந்த மாதம்தான் மூடியிருந்தார்கள். "உன்னவிட இத தெரிஞ்சவன் யாருலா? நீயே வச்சுக்கோ," என்று மேனேஜர் மகேந்திரன் பிரியமாக அனுப்பி வைத்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல நெல்சனுக்கு வாய் வரவில்லை. சொன்னால், ஏன் என்று கேட்பார்கள்.

பின்கட்டு ஜிங்க் தகரக் கொட்டகையில் இரண்டு வாரம் அதோடு மல்லுக்கு நின்றான். துருவைத் தேய்த்து எடுத்தான். இரும்புத் துண்டைப் பூட்டும், தேய்ந்து லொடலொடத்த மேசையை இறுக்கிச் சரிசெய்தான். பேரிங்குகளை மாற்றினான். புது மோட்டார் பூட்டினான். மேசை மயிரிழை நகர்ந்தாலும் எண்ணில் காட்டும் டிஜிட்டல் பெட்டியும் வைத்தான். கடைசியாக, ஆபத்தில் அடித்து நிறுத்தும் சிவப்புப் பொத்தானைப் புதிதாகப் போட்டான். அதை மட்டும் மூன்று முறை அடித்துச் சோதித்துப் பார்த்தான்.

இதை நல்லதாக்கிவிட்டால் அதில் நடந்ததும் அழிந்துபோகும் என்று அவன் மனதுக்குள் ஒரு நப்பாசை.

மறுநாள் காலை பொத்தான் உள்ளே அமுங்கியிருந்தது.

"ஆட்ரி, மெஷின தொட்டியா?"

"நான் ஏங்க அத தொடப் போறேன்?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

திருகி விடுவித்தான். மத்தியானம் பார்த்தால் மறுபடி உள்ளே. ஸ்பிரிங் கோளாறு என்று வேறு பொத்தான் மாற்றினான். அதுவும் அமுங்கியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் உலகமே காணாமல் போனது. செம்பனை மட்டைகள் வெளிச்சத்தை மறைக்க, கொட்டகைக்குள் மங்கலான பச்சை இருட்டு. நெல்சன் துணியால் எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

டிஜிட்டல் பெட்டியில் எண்கள் ஓடின.

மேசை அசையவில்லை. கைச்சக்கரமும் திரும்பவில்லை. எண்கள் மட்டும் ஓடின.

தோல் கருகும் வாடை வந்தது. வேலைக்குப் போடும் தோல் கையுறை சூட்டில் பொசுங்கினால் வருமே, அந்த வாடை. பதினொரு வருடமாக அவன் மூக்கைவிட்டுப் போகாத வாடை.

டக்.

அவன் கண்ணெதிரே பொத்தான் உள்ளே போனது. யாரும் திருகாமலே மெல்ல வெளியே வந்தது.

டக்.

டக். டக். டக்.

காதோரம் மூச்சு பட்டது. "அண்ணே... அமுக்கிட்டேன்... நிக்க மாட்டேங்குது."

நெல்சன் கால் இடறி மழைக்குள் விழுந்தான்.

சேறும் சகதியுமாக வந்தவனை ஆட்ரி தூக்கி உட்கார வைத்தாள். அன்றுதான் அவளிடம் சொன்னான். ஈரத்தில் அந்தப் பொத்தான் அடிக்கடி தானாகவே மெஷினை நிறுத்தித் தொல்லை கொடுத்ததையும், அவசர வேலை என்று இரண்டு கம்பிகளை முறுக்கி அவனே அதைச் செயலிழக்கச் செய்ததையும், யாரிடமும் சொல்லாததையும். மறுநாள் அந்த மெஷினில் நின்ற தொழிலாளி சுகுமாறனின் வலது கை கையுறையோடு உள்ளே இழுபட்டதையும்.

"விசாரணைக்கு ஆபீசருங்க வர்றதுக்கு முன்னாடி கம்பிய பிரிச்சுட்டேன். அவன் பொத்தானையே அமுக்கலன்னு எழுதிக் குடுத்தேன்."

கவனக்குறைவு என்று சுகுமாறனை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. மூன்றாவது வருடம் அவன் செத்துப்போனான். அடக்கத்துக்கு நெல்சன் மாலையோடு போயிருந்தான்.

ஆட்ரி அவன் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

"இதயும் வயித்துல வச்சிக்கிட்டு எப்படிங்க ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம சர்ச்சுல சாமியார் கையால நன்மை வாங்குனீங்க?"

மறுநாள் நெல்சன் பகாவ் ஊருக்குப் போனான். சுகுமாறனின் மனைவி ரோகினி ஒரு பள்ளிக்கூட கேண்டீனில் வேலை செய்துகொண்டிருந்தாள். பாத்திரம் கழுவிய கையைத் துடைக்காமல் அப்படியே நின்று முழுவதையும் கேட்டாள். கத்துவாள், காறித் துப்புவாள் என்று நினைத்திருந்தான். அதற்காகவே போயிருந்தான் என்றும் சொல்லலாம்.

அவள் முகம்தான் சுருங்கியது.

"சாகுற வரைக்கும் சொன்னாருண்ணே. அமுக்குனேன் அமுக்குனேன்னு. குடிச்சிட்டு புலம்புறாருன்னு நானே நம்பல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? எங்க பொய் சொன்னீங்களோ அங்க போயி சொல்லுங்க."

அதே வாரம் சிரம்பானுக்குப் போய், தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்தில் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தான். மகள் வயதிருக்கும் அந்தப் பெண் அதிகாரி, படித்து முடித்ததும் அவனை நிமிர்ந்து பார்த்த பார்வையில் நெல்சன் கூசிப்போனான். வழக்கு வரலாம் என்றாள். வரட்டும் என்றான். திரும்பும் வழியில் பேருந்தில், பல வருடங்களுக்குப் பிறகு கொஞ்சம் நிம்மதியாகக் கண்ணயர்ந்தான்.

வீட்டு வாசலில் ஆட்ரி குழப்பமாக நின்றிருந்தாள்.

"இப்பத்தான் வர்றீங்களா? அப்ப கொட்டகையில யாருங்க? அரை மணி நேரமா மெஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சே. நீங்க வந்து வேல பாக்குறீங்கன்னுல்ல நெனச்சேன்."

நெல்சன் கொட்டகைக் கதவைத் திறந்தான். யாருமில்லை. மெஷினின் மின்கம்பி சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. காலையில் அவனே பிடுங்கிப் போட்டது.

புதுப்பித்த பிறகு அந்த மெஷினில் அவன் ஒரு துண்டு இரும்பைக்கூடச் சீவியதில்லை.

மேசைக்குக் கீழே தட்டு நிறைய, சுருள் சுருளாக, சூட்டில் நீலம் பாய்ந்த இரும்புச் சீவல்கள்.

ஒன்றை எடுத்தான். விரல் பொசுங்கியது.