ஏழாம் நாள் இலை

குண்டசாலையில் சுமித்தின் வீட்டுக்கு இப்திகார் போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. ஆஸ்பத்திரியில் இறந்துபோன சுமித்துக்கு ஏழாம் நாள் தானம் முடிந்து பிக்குகள் போய்விட்டார்கள்.

சுமித் அவரோடு பதினான்கு வருடம் ஒரே கடையில் துணி வெட்டியவன். அவன் உடலை மூன்று நாள் வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதும், ஒரே நாளில் அடக்கிப் பழகிய இந்த அக்குறணைக்காரருக்கு மனம் ஒப்பவில்லை, போகாமலே இருந்துவிட்டார். இன்றைக்கும் போகாவிட்டால் நீயெல்லாம் மனிதனா என்று தன்னையே திட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

"உங்களுக்கு வேறா எடுத்து வைக்கிறேன் அண்ணா, யாரும் கை வைக்க மாட்டாங்க" என்று சுமித்தின் தங்கை நிலூஷா போனில் சொல்லியிருந்தாள்.

முன்பக்கம் ஒரே கூட்டம். கை கழுவப் பின்பக்கம் போனார். சுவரோரம் ஒரு பலகையில் வாழையிலை. சோறு, பலாப்பிஞ்சுக் கறி, பொரித்த கருவாடு. நிலூஷா சொன்னபடியே வைத்திருக்கிறாள் என்று நினைத்து அங்கேயே குந்தினார். காலையிலிருந்து பட்டினி.

சோற்றில் உப்பும் இல்லை, ருசியும் இல்லை.

வேலி நிறையக் காகங்கள். ஒன்றும் கத்தவில்லை.

காதருகே யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

திரும்பினார். யாருமில்லை. ஆஸ்பத்திரி மருந்து வாடை மட்டும் மூக்கில் ஏறியது. மிச்சத்தை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்.

அப்போது சுமித்தின் அம்மா வந்தாள். வெறும் இலையைக் கண்டதும் சிங்களத்தில் கத்தி அழுதாள்.

"மகனுக்கு வச்ச சோறு! காலையில இருந்து ஒரு காகம்கூட தொடல்ல. என்மேல கோபமோன்னு நினைச்சேன். வந்து சாப்பிட்டுட்டான்!"

பின்னாலேயே நிலூஷா, மூடிய தட்டோடு வந்தாள். "அண்ணா, இது உங்களுக்கு."

இப்திகாருக்கு அப்போதுதான் புரிந்தது. செத்தவனின் பங்கைத் தின்றுவிட்டோம். அதைச் சொன்னால் இந்தத் தாயின் சந்தோஷம் போய்விடும் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டார். உண்மையில் வெட்கம்தான் வாயை அடைத்தது. அந்தத் தட்டையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பாயிஸா சோறு போட்டாள். அவர் தொடவில்லை.

"உங்களோட வந்தவரையாவது உள்ளுக்கு வரச் செல்லுங்க. வாசல்லயே நிக்கிறார்."

இப்திகார் தலையை நிமிர்த்தவில்லை. "யாரு?"

"தெரியா. வெள்ளைச் சாரம் உடுத்தி, சிங்களத்துல பேசுறார். சாப்பிடுங்கன்னேன், வேணாமாம்."

"வேற என்ன செல்றார்?"

"'என்ட அம்மாட்ட உண்மையச் செல்லிட்டு வரட்டும், அதுவரைக்கும் இங்கயே நிக்கிறேன்'னு செல்றார்."