என் முன்னிலையில் வைத்த ரேகை

சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருடம் முடித்த அந்தக் கோடையில், நகரத்திலேயே பேர்பெற்ற வக்கீல் ஆபீசில் அவளுக்குப் பயிற்சி கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. அவளுடைய அப்பா தையல்காரர். அந்த ஆபீஸ் சீனியருக்கு இருபது வருடமாகக் கறுப்புக் கோட்டு தைப்பவர். ஒருநாள் கைக்கு அளவெடுத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டு வாங்கிய இடம் அது. ஆறு வாரம் முடிந்ததும் சீனியர் ஒரு கடிதம் தருவார். அது இருந்தால் படிப்பு முடிந்து அங்கேயே ஜூனியராகச் சேரலாம். இல்லாவிட்டால் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைக்கலாம்.

ஆபீஸ் இரண்டாவது மாடியில். வெயில் காலத்திலும் படிக்கட்டில் ஈரச் சுவர் வாடை அடித்தது. முன்னறையில் கட்சிக்காரர்களுக்கு நாற்காலிகள்; எதிர்ச் சுவரை ஒட்டி ஒரு நீள மரப் பெஞ்சு. நாற்காலிகள் நிறைந்து ஆட்கள் கால்மாற்றி நின்றாலும் பெஞ்சு மட்டும் காலியாகவே இருந்தது. யாராவது அந்தப் பக்கம் போனால் குமாஸ்தா நைசாக நகர்த்திவிடுவார். ஐம்பது தாண்டிய மனிதர். பகல் முழுக்க நின்றே வேலை பார்த்தார், சாப்பாட்டையும் நின்றே சாப்பிட்டார்.

"அந்தப் பெஞ்சுல மட்டும் உட்காராதேம்மா," என்றார் முதல் நாளே.

"கால் ஆடுதா அண்ணா?"

"இல்ல. ஆள் இருக்கு."

மனுஷருக்குக் குசும்பு ஜாஸ்தி என்று நினைத்துச் சிரித்துவைத்தாள்.

வேலைக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. காகிதங்களை அடுக்கி, ஓரத்தில் துளை போட்டு, நூல் கோத்து, பக்க எண் போட வேண்டும். நடுவில் ஒரு தாள் புதிதாகச் சேர்ந்தால் எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து. இரண்டாம் வாரம், ஒரு மத்தியானம், குமாஸ்தா சீனியர் அறையிலிருந்து ஒரு உயிலைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தார். வயதான ஒரு அம்மாள் தன் வீட்டை மகனுக்கு எழுதி வைத்த உயில். கடைசிப் பக்கத்தில் கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை. அதற்குக் கீழே, 'என் முன்னிலையில் ரேகை வைத்தார்' என்று அச்சடித்து, இரண்டு சாட்சிகளுக்கு இடம். முதல் சாட்சி குமாஸ்தாவேதான்.

"நான் இவங்களைப் பாக்கவே இல்லையே அண்ணா. தேதி வேற போன வாரத்துது."

"சார் பாத்திருக்காரு, போதும்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ட்ரெய்னிங் வர்ற பசங்க எல்லாரும் போடறதுதான். முடிச்சிட்டு ஆளுக்கொரு பக்கம் போயிடுவீங்க. யாரும் தேடிப் பிடிச்சுக் கேள்வி கேக்க மாட்டாங்க. அதுக்குத்தானே உங்களை எடுக்கறதே."

உள்ளேயிருந்து சீனியர் எட்டிப் பார்த்தார். "அப்பா சௌக்கியமாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் மதியம் எல்லாரும் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். மின்விசிறி மட்டும் கடகடத்துக்கொண்டிருந்தது. நூல் கோத்துக்கொண்டிருந்தவளின் மூக்கில் மருந்து வாடை ஏறியது. பினாயில், நனைந்த பஞ்சு, அதற்கெல்லாம் அடியில் லேசாக ஏதோ கெட்டுப்போன வாடை. நிமிர்ந்தாள்.

பெஞ்சில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரிப் பச்சை அங்கி. வெறுங்கால். இடது காது மடல் இரண்டாகக் கிழிந்திருந்தது. வலது கைப் பெருவிரல் முழுக்க மை. துணியில் பட்டுவிடக் கூடாதென்று அந்த விரலை மட்டும் தனியாகத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"யாரைப் பாக்கணும்மா?"

அந்த அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண் இமைக்கவும் இல்லை.

குமாஸ்தா வந்ததும் வராததுமாக அவள் எழுந்து ஓடினாள். "யாரு அண்ணா அவங்க, பச்சை அங்கி போட்டுக்கிட்டு?"

அவர் கையிலிருந்த கேஸ் கட்டை மெதுவாகக் கீழே வைத்தார். பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை.

"வந்துட்டாங்களா."

"யாரு?"

"உயிலுக்கார அம்மா. ஆஸ்பத்திரியில உயிர் போன கையோட, உடம்புச் சூடு ஆறறதுக்குள்ள, மகன் மைப்பெட்டியோட போயிருக்கான். தேதிய மட்டும் ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முந்தினதாப் போட்டுக்கிட்டாங்க. சார் சொல்லிக் கொடுத்ததுதான்." குரல் தழைந்தது. "பாத்தேன்னு எழுதிக் கொடுக்கறோம் இல்ல? பாக்க வைக்காம விட மாட்டாங்க."

"அப்ப உங்களுக்கு..."

அவர் பெஞ்சை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு முறை பார்த்தார். "என்னோடவங்களுக்கு அதுல இடம் பத்தலம்மா. பாதிப் பேர் நிக்கறாங்க."

மீதி நான்கு வாரமும் அவள் பெஞ்சுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பக்க எண் போட்டாள். பயத்தில் இளைத்துத் துரும்பானாள். ஆனாலும் கடைசி நாள் கடிதத்தை வாங்கிக்கொண்டுதான் போனாள்.

இரண்டு வருடம் கழித்து அந்த உயில் கோர்ட்டுக்கு வந்தது. வழக்குப் போட்டவள் மகள். அந்த வீட்டிலேயே இருந்து, சலவைக்கடையில் இஸ்திரி போட்டு, கடைசி வரை அம்மாவைப் பார்த்துக்கொண்டவள். குமாஸ்தா அதற்குள் செத்துப்போயிருந்தார். மிஞ்சிய ஒரே சாட்சி நம் பெண்தான். படிப்பு முடிந்து அதே ஆபீசில் சேர்ந்திருந்தாள்; அடுத்த மாதம் வக்கீலாகப் பதிவு செய்ய வேண்டும். அப்பா கோட்டுத் துணி வெட்டியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் பொய்க் கையெழுத்துக்கு அவளே மாட்டுவாள். சொல்லாவிட்டால் மகள் தெருவுக்கு வருவாள். ஒரு வாரம் தூங்காமல் புரண்டு, உண்மையையே சொல்லிவிடுவது என்று முடிவுகட்டித்தான் கூண்டில் ஏறினாள்.

மகளுக்குப் பக்கத்தில் பச்சை அங்கி உட்கார்ந்திருந்தது. விரல் இன்னும் தூக்கியபடி.

"உயில் எழுதின அம்மாளை நீங்க பாத்தீங்களா?" என்றார் மகளின் வக்கீல்.

முன்வரிசையில் சீனியர், அவளுடைய அப்பா தைத்த கோட்டின் கைமடிப்பைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தேன்."

"அப்படியா. ஏதாவது அடையாளம் சொல்லுங்களேன்." இந்த மாதிரிச் சாட்சிகளைப் பிடித்துப் பழகியவர், சிரித்தார்.

அவள் எதிரே பார்த்தாள். பார்த்துப் பார்த்தே சொன்னாள். "இடது காது மடல் ரெண்டா கிழிஞ்சிருந்தது. வலது புருவத்துக்கு மேல ஒரு மரு. மை துணியில படக் கூடாதுன்னு விரலைத் தனியாத் தூக்கிப் பிடிச்சிருந்தாங்க."

வக்கீலின் சிரிப்பு நின்றது.

மகள் எழுந்து நின்றாள். "காதை முடியால மூடித்தானே வச்சிருப்பா," என்றாள் யாரிடமோ. "என்கிட்ட மட்டும்தான் காட்டுவா." பிறகு கூண்டைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டாள். "அப்ப அம்மா நிஜமாவே உங்க ஆபீசுக்கு வந்தாளா?"

"வந்தாங்க."

அதில் ஒரு சொல் கூடப் பொய்யில்லை. அந்த உண்மையைச் சொன்ன நாக்கை அறுத்துப் போட வேண்டும் போல அவளுக்கு இருந்தது. உயில் செல்லும் என்று தீர்ப்பானது. மகள் மேல்முறையீடு செய்யவில்லை; தன்னை இப்படிக் கைவிட்ட அம்மாவின் படத்தைக் கூட எடுத்துக்கொள்ளாமல் ஒரு பெட்டியோடு வெளியேறினாள் என்று மகன் ஆபீசுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். அன்று அவள் பயந்து பயந்து பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். காலி. அடுத்த நாளும் காலி. வெட்கக்கேடு, அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

பதிவு செய்யும் நாள் காலை பத்து மணிக்கு, அப்பா தைத்த புதுக் கோட்டோடு வரிசையில் நின்றாள். தன் முறை வந்ததும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். அதிகாரி புருவத்தைச் சுருக்கினார்.

"கீழ என்னம்மா இது?"

அவள் கையெழுத்துக்குக் கீழே, ஒரு பெருவிரல் ரேகை.

வேறு படிவம் கொடுத்தார்கள். மறுபடி எழுதினாள்.

அதிலும்.

மூன்றாவதில் பேனாவை எடுப்பதற்கு முன்பே, வலது தோளுக்குப் பின்னால் மருந்து வாடை வந்தது.

அதிகாரி ரேகையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். மை இன்னும் காயவில்லை.

"இந்தப் படிவத்துக்கெல்லாம் சாட்சி வேண்டாம்மா," என்றார். "யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"