கரையிலிருந்து பேசியவள்

"நீங்க சொன்ன மாதிரியே தெற்க திருப்பிட்டோம்கா. நல்லவேளை சொன்னீங்க. இங்க கடல் எண்ணெய் ஊத்தி வச்ச மாதிரி இருக்கு. எல்லாரும் நலம்."

தங்கை ஜீவராணியிடமிருந்து வந்த அந்தச் செய்தியை, அடுப்பில் கொதிக்கும் பருப்பை மறந்து, பிரேமினி மறுபடியும் மறுபடியும் படித்தாள். தெற்கே திருப்பும்படி அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலையிலிருந்து தங்கையோடு அவள் பேசவே இல்லை.

கந்தப்பளைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்வது பிரேமினியின் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளின் அழுகையும் சிரிப்பும் வார நாட்களில் அந்தக் கட்டடத்தை நிறைத்திருக்கும். சனி, ஞாயிறு வந்தால் சுவர்கள்கூட வாயை மூடிக்கொள்ளும். அதன் பின்புறம் ஒட்டியிருந்த இரண்டு அறைகளில்தான் அவள் தனியாக இருந்தாள்.

ஜீவராணியின் கணவன் கஜேந்திரன் ஹட்டன் பையன்தான். ஆனால் இளைஞனானதும் காலித் துறைமுகத்துக்குப் போய்ப் பாய்மரப் படகுகளைப் பழுதுபார்க்கக் கற்று, பிறகு ஓட்டவும் கற்றுக்கொண்டவன். வெள்ளைக்காரர் ஒருவருடைய படகைத் தாய்லாந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அவனுக்குக் கிடைத்தது. பள்ளி விடுமுறை என்பதால் மனைவியையும் மகள் தனுஜாவையும் கூடவே அழைத்துக்கொண்டான். வழியனுப்பப் போன பிரேமினியிடம் இறங்குதுறையில் நின்று அவன் சொன்னது இன்னும் அவள் காதில் இருந்தது.

"மதினி, கடல்ல போறவங்களுக்குக் கரையில ஒரு ஆள் வேணும். தினம் அந்தியில நாங்க செய்தி அனுப்புவோம். வரலன்னா கொழும்புல கடற்படைக்காரங்களோட இந்த நம்பருக்குச் சொல்லுங்க. காத்து, மழை நெலவரத்தை நீங்கதான் பாத்து எங்களுக்குச் சொல்லணும். அங்க போனப்புறம் எங்களுக்கு வேற குரல் கிடையாது. உங்க பேச்சைத்தான் நம்புவோம்."

தாய்லாந்து கிழக்கே இருந்தது. பிரேமினி கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து தெற்கே விரலால் தள்ளிப் பார்த்தாள். தீவில்லை, துறையில்லை. தள்ளத் தள்ள வெறும் நீலம்.

"நான் ஒன்னும் சொல்லலையே? யார் சொன்னது?" என்று அனுப்பினாள்.

பருப்பு அடிப்பிடித்து வாடை வரும்வரை பதில் இல்லை. பிறகு வந்தது.

"என்னக்கா விளையாடுறீங்களா? காலையில அவ்வளவு நேரம் பேசினீங்களே."

அவளுடைய வீட்டில் சமிக்ஞை ஒழுங்காகக் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: பின்வாசலில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் படி. சால்வையைப் போர்த்திக்கொண்டு அங்கே போய் நின்றாள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே நாலாம் நம்பர் மலை என்று சொல்லும் தேயிலைச் சரிவிலிருந்து பனிமூட்டம் தேயிலை நிரைகளை ஒவ்வொன்றாக விழுங்கியபடி ஏறிவந்தது. ஈர மண்ணும் கவ்வாத்து வெட்டிய கிளைகளும் சேர்ந்த வாடையோடு, இந்த மலைக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்றின் வாடையும், காய்ந்துபோன பாசியைப் போல, அதில் கலந்திருந்தது. படகில் இருந்த செயற்கைக்கோள் தொலைபேசிக்கு அழைத்தாள். வேறொரு அழைப்புக்காகப் பாவனையில் இருக்கிறது என்றது. மறுபடி அழைத்தாள். பாவனையில் இருக்கிறது.

நடுக்கடலில் அவர்கள் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்?

அப்போதுதான் கீழே, மூட்டத்துக்குள், யாரோ பேசும் சத்தம் கேட்டது. வார்த்தைகள் புரியவில்லை. ஒரு பெண் தொலைபேசியில் பேசுவதைப் போல, கொஞ்சம் பேசி, கொஞ்சம் நிறுத்தி, எதிர்ப்பக்கம் கேட்டு, மெல்லச் சிரித்து, திரும்பப் பேசினாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண் யாராவது சமிக்ஞை தேடி இறங்கியிருப்பாள் என்று பிரேமினி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகும் அந்த முணுமுணுப்பு நிற்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. மேல் லயத்து வேலாயி கோயிலுக்குப் போகிற வழியில் கொஞ்சம் கறிவேப்பிலை கேட்டு வந்தாள். கொத்தை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"நேத்து அந்தியில மலைக்குள்ள நின்னு யாருகூட டீச்சரம்மா அவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருந்தீங்க? பனியில நனைஞ்சிக்கிட்டு. நான் மேல் ரோட்டுல இருந்து கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

"நானா? நான் வீட்ட விட்டு இறங்கவே இல்ல வேலாயி."

"உங்க குரல் எனக்குத் தெரியாதா? எம்புள்ளையக் கொஞ்சுறத தெனம் கேக்குறேனே. அப்படித்தான் யாரையோ கொஞ்சிக்கிட்டிருந்தீங்க."

"ஆளைப் பாத்தியா?"

வேலாயி யோசித்தாள். "பாக்கல. குரல்தான்," என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். கறிவேப்பிலைக் கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாகப் படியேறிப் போய்விட்டாள்.

பிரேமினி கஜேந்திரன் தந்த கொழும்பு எண்ணுக்கு அழைத்தாள். ஓர் அதிகாரி சிங்களத்தில் பொறுமையாகக் கேட்டார்: படகின் பெயர், எத்தனை பேர், கடைசியாகச் சொன்ன திசை. உதவி வேண்டும் என்று அவர்கள் கேட்டார்களா? இல்லை. ஆபத்து என்று சொன்னார்களா? இல்லை, நலம் என்கிறார்கள். பிறகு என்ன பிரச்சினை அம்மா?

"யாரோ என் குரல்ல அவங்களோட பேசுறாங்க," என்று பிரேமினி சொன்னாள்.

"கொஞ்சம் சத்தமா பேசுங்க அம்மா. உங்க குரல் சரியா கேக்கல," என்றார் அவர். அவள் கத்திச் சொன்னாள். கத்தியும் அவருக்கு அது முழுதாகப் போய்ச் சேரவில்லை. திசை தவறிப் போகிறார்கள், சின்னப் பிள்ளை இருக்கிறது என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. அந்தப் பக்கத்தில் ரோந்துக் கப்பல் ஒன்று இருக்கிறது, போய்ப் பார்க்கச் சொல்கிறேன் என்றார்.

தொலைபேசியை வைத்ததும் அவள் தொண்டையைத் தடவிப் பார்த்தாள். வலி இல்லை. சளி இல்லை. வெந்நீர் குடித்தாள். "முருகா" என்று சொல்லிப் பார்த்தாள். யாரோ அடுத்த அறையில் காகிதத்தைக் கசக்குவதைப் போலத்தான் கேட்டது.

பகல் முழுக்க அழைத்துக்கொண்டே இருந்தாள். பாவனையில். பாவனையில். மதியத்துக்குப் பிறகே மூட்டம் இறங்கி, பிள்ளைக் காம்பராவின் கூரையையும் குழாயையும் கண்ணுக்கு மறைத்தது. சாயங்காலம் ஆகும்போது, எதிர்பாராமல், அந்தப் பக்கம் மணி அடித்தது. எடுத்தது தனுஜா.

"என்ன பெரியம்மா, திரும்ப எடுத்திருக்கீங்க? இப்பத்தானே பேசினீங்க."

"தனு. அப்பாகிட்டக் குடு."

"அப்பா எறங்கிட்டாரே."

"எங்க எறங்கிட்டாரு?"

"தண்ணியில. நீங்கதானே சொன்னீங்க. தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டிட்டு எறங்குங்கன்னு. அம்மாவும் எறங்கிட்டாங்க." குழந்தையின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "ரெண்டு பேரும் கழுத்து வரைக்கும் நிக்கிறாங்க பெரியம்மா. நீந்தவே இல்ல. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறாங்க."

பிரேமினி குழாயைப் பிடித்துக்கொண்டாள். அங்கே நிற்பதற்குத் தரை எங்கே இருக்கிறது?

"கண்ணு, நான் சொல்றதக் கேளு. அது நான் இல்ல. உள்ள போ. கதவப் பூட்டு. யார் கூப்பிட்டாலும் வெளிய வராத. கப்பல் வருது."

"நீங்க யாரு?"

"பெரியம்மாடா."

"உங்க குரல் அப்படி இல்ல." குழந்தை அழத் தொடங்கியிருந்தாள். "நீங்க பெரியம்மா இல்ல. பயமா இருக்கு உங்க குரல்."

"தனு..."

பிரேமினியின் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

கீழே மலைக்குள் இருந்து அந்தக் குரல் எழுந்தது. தெளிவாக. இனிமையாக. தொட்டிலை ஆட்டும்போது பிரேமினி பேசும் அதே குரல்.

"தனுக்குட்டி... அழக்கூடாது... பெரியம்மா இங்க இருக்கேன்ல? வாங்க பாப்போம்."

"இதோ, பெரியம்மா கூப்பிடுறாங்க," என்றாள் குழந்தை, தொலைபேசிக்குள், நிம்மதியோடு. தொலைபேசியை மேசைமேல் வைக்கும் சத்தம். வெறுங்கால்கள் படியேறும் சத்தம். சின்னக் கால்கள். பிறகு, படகின் மரத்தில் தண்ணீர் மெதுவாகத் தட்டும் சத்தம் மட்டும்.

பிரேமினி ஓடினாள். செருப்பு தண்ணீர் ஓடும் கானுக்குள் போனது. தேயிலைக் கிளைகள் தொடையைக் கீறின. குரல் வந்த இடத்துக்குப் போனாள். அங்கே யாரும் இல்லை. குரல் இன்னும் கீழே இருந்தது. கீழே போனாள். இப்போது இடப்பக்கம். முதுகுக்குப் பின்னால். எங்கு போனாலும் ஒரு நிரை தள்ளி. "சபாஷ்," என்றது. "கெட்டிக்காரி." பிறகு நின்றுபோனது. வெள்ளை. ஈரம். தன் மூச்சு. அதுவும் சத்தமில்லாமல்.

வீட்டுக்கு எப்படித் திரும்பி வந்தாள் என்று தெரியாது. பின்படியில் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி மணி அடித்தது. திரையில் படகின் எண். அழுத்தினாள்.

ஓர் ஆணின் குரல், சிங்களத்தில்.

"அம்மா, ரோந்துக் கப்பல்ல இருந்து பேசுறேன். நாங்க இப்ப படகுலதான் நிக்கிறோம். உங்க நம்பர்தான் இதுல இருந்துச்சு. படகுக்கு ஒன்னும் இல்ல. சோறு மேசையில அப்படியே இருக்கு. லைஃப் ஜாக்கெட் மூணையும் மடிச்சு வச்சிருக்காங்க. ஆட்கள்தான் இல்ல. கடைசியா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா? அம்மா? ஹலோ?"

போய்விடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். உதடுகள் அசைந்தன. தொண்டை அசைந்தது. ஒன்றும் வரவில்லை. காற்றுகூட வரவில்லை.

"ஹலோ? கேக்குதா அம்மா?"

"கேக்குது மாத்தயா," என்றது கீழே மலைக்குள்ளிருந்து அவளுடைய குரல். அவளுடைய சிங்களம். தோட்டத்து இழுவை ஒன்றுகூடக் குறையாமல். "சொல்லுங்க."

"ஆ, இப்பத்தான் நல்லாக் கேக்குது," என்றார் அதிகாரி.

பிரேமினி அழைப்பைத் துண்டித்தாள். கைப்பேசியை அணைத்தாள். திரை கறுத்தது. அதைக் குழாயடிக் கல்லில் அடித்தாள். கண்ணாடி உடைந்து விரலில் ஏறியது.

கீழே பேச்சு நிற்கவில்லை.

"ஆமா மாத்தயா, மூணு பேரும் பக்கத்துலதான் இருக்காங்க..." ஓர் இடைவெளி. கேட்கிறது. "இல்ல, இல்ல, ஆழம் இல்ல..." ஓர் இடைவெளி. "எத்தனை பேர் வந்திருக்கீங்க? எல்லாரும் வாங்களேன்."

இரத்தம் வழியும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, பிரேமினி படியில் நின்றாள். மூட்டம் அவள் கால்வரை வந்துவிட்டிருந்தது. அதற்குள்ளிருந்து, யாரோ எதிர்ப்பக்கம் சம்மதித்துவிட்டதைப் போல, மெல்ல, அன்பாக, அவளுடைய குரல் சிரித்தது.