குளிரில் சிவந்த பூ

“உனக்கு இன்னாடி வேணும்? வாயத் தொறந்து கேளு, தர்றேன்.”

ஆளில்லாத மூலையைப் பார்த்துத் தமிழரசி கேட்டாள். கேட்கவே கூடாது என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்த கேள்வி. செத்தவர்களுக்குச் சோறு வைக்கலாம், அழலாம், திட்டக்கூடச் செய்யலாம். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டால் மட்டும் அவர்கள் காட்டுவதைக் கொடுத்தாக வேண்டும். மனசில்லையென்றால், கேட்டவரே அவர்களைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போக வேண்டும். திரும்பக் கூடாது. தசரதன் பெரியப்பா செத்த பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு அப்படிப் போனவர்தான் என்பார்கள்.

தங்கை செவ்வந்தி செத்து எட்டு நாள். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் உதிரம் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் மலைப்பாதையில் மண்சரிவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அக்காவுக்கு ஏழு முறை போன் போட்டிருக்கிறாள். வேலூரில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த தமிழரசியின் போன், பைக்குள் சத்தமில்லாமல் மினுங்கி அணைந்திருக்கிறது. அக்கா படிக்கட்டும் என்று பத்தாவதோடு நின்று ஆடு ஓட்டியவள். அதை வீட்டில் ஒருவரும் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

உயிர் போகும்போது தலை இருந்த இடத்தில் விடியலில் ஒரு நிறம்மாறிப் பூவை வைப்பது அந்த வீட்டு வழக்கம். செம்பருத்திச் சாதி. காலையில் வெள்ளை, மதியம் ரோஸ், பொழுது சாய்ந்தால் சிவப்பு. சாயங்காலமும் வெள்ளையாகவே இருந்தால் ஆள் போய்விட்டது. சிவந்தால் இங்கேதான் இருக்கிறது.

“சித்திரையில செத்தவன்லாம் வூட்லயே இருப்பான், மார்கழியில செத்தவன்லாம் போய்டுவான், அப்டித்தான?” என்று அம்மா ஜெயம்மாளைச் சீண்டியவள் தமிழரசி. தாவரவியல் படித்தவள். சூடு ஏறினால் இதழுக்குள் ஆந்தோசயனின் என்ற சிவப்புச் சாயம் ஊறும், பூ சிவக்கும், குளிர்ந்தால் ஊறாது. கல்லூரியில் ஃபிரிட்ஜுக்குள் இதே பூவை வைத்து அவளே பார்த்திருக்கிறாள். இரவு வரை வெள்ளை.

இந்த மார்கழிக் குளிரில் வாசல் செடி முழுக்க, பொழுது இறங்கியும், வெள்ளையாகத்தான் நின்றது. வெயில் எட்டாத வடக்கு அறை மூலையில், செவ்வந்தி உயிர் விட்ட இடத்தில், ஈரம் கோத்த தரையில் கிடந்த ஒற்றைப் பூ மட்டும் மூன்றாவது சாயங்காலமாக, இதழ் இதழாக, காய்ந்த உதிரத்தின் நிறத்துக்குச் சிவந்திருந்தது. அம்மா மாற்றி வைக்கிறாளோ என்று அன்று காலையிலிருந்து அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். இப்போது திறந்து, தணல் ஏதாவது இருக்குமோ என்று தரையைத் தடவினாள். சில்லென்று இருந்தது. பூவுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் படுத்து எழும் அகலத்துக்கு மட்டும், தரை வெதுவெதுப்பாக இருந்தது.

அந்தக் கோபத்தில்தான் கேட்டாள்.

கதவருகே அம்மா நின்றிருந்தாள். கையில் பால்புட்டி.

“கேட்டுட்டியா? பச்சப்புள்ள இருக்கற வூடுடி இது.”

தமிழரசி கூடத்துக்குப் போனாள். குடத்துத் தண்ணீரில் மிச்சமிருந்த வெள்ளைப் பூக்களை எடுத்தாள். ஒன்றை அடுப்போரம் வைத்தாள், ஒன்றைத் தன் உள்ளங்கையில். இன்னொன்றைக் கூடத்துத் தூளிக்குள், போர்த்திய துணிக்கு அடியில், தூங்கும் குழந்தையின் வயிற்றோடு ஒட்டி வைத்தாள். செத்தவள் எதன் சூட்டை எடுக்கிறாள் என்று பூ காட்டிவிடும். படித்த படிப்பு இதற்காவது உதவட்டும். விறகு வெடிக்கும் சத்தமும், ஓட்டிலிருந்து பனி சொட்டும் சத்தமும், பிரசவ வீட்டின் பூண்டும் வசம்பும் கலந்த வாடையும் மட்டும் இருந்தன. ஒரு மணி நேரம் போயிருக்கும்.

அடுப்போரப் பூ சிவந்துவிட்டது.

உள்ளங்கைப் பூ ரோஸாகியிருந்தது.

தூளிக்குள் கை விட்டாள். பூ வெள்ளை. இப்போதுதான் பறித்ததுபோல வெள்ளை. குழந்தையின் பாதம் விரலில் பட்டது. ஈரத் தரையைத் தொட்டதுபோல் இருந்தது. மூச்சு இருந்தது. கொஞ்சம்.

வடக்கு அறையில் யாரோ புரண்டு படுத்தார்கள்.

அம்மா குழந்தையைப் பிடுங்கி மார்போடு அணைத்து அடுப்பருகே ஓடினாள். தேய்த்தாள். ஊதினாள். உதடு நீலம். இன்னும் நீலம். அறைக்குள் பூ கறுக்கத் தொடங்கியிருந்தது.

செவ்வந்தி எதைக் கேட்கிறாள் என்று தெரிந்துவிட்டது. அவள் பெற்றது. மூன்று நாள் மட்டும் பார்த்தது. கேட்க நியாயம் இருந்தது. அதுதான் தமிழரசியை உடைத்தது.

அறை வாசலில் மண்டியிட்டாள்.

“செவ்வந்தி. புள்ளைய வுட்ருடி. நான் வர்றேன் உங்கூட. அன்னிக்குக் கூப்ட்ட, வர்ல. இப்ப வந்துட்டேன். எழுந்திரு, போலாம்.”

ஒன்றும் அசையவில்லை. பிறகு தரையின் வெதுவெதுப்பு முட்டியைத் தாண்டியது. இடுப்பை. முதுகில் வந்து அழுந்தியது.

எழுந்தாள். செருப்பைத் தேடவில்லை. போனை அடுப்பு மேடையில் வைத்தாள். அம்மா அவளைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். போகாதே என்று சொல்ல வாய் திறந்து, சொல்லாமலே மூடிக்கொண்டாள். அந்த மூடிய வாயைத் தமிழரசி மன்னித்தாள்.

படி இறங்கினாள். பனிமூட்டத்தில் பாதை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. சாமைக்காட்டுத் திருப்பம் வரும்போது பின்னால், வீட்டுக்குள், குழந்தை வீறிட்டு அழுதது. சூடான, பசித்த, உயிருள்ள அழுகை.

திரும்பவில்லை. நடந்தாள்.

அழுகை கேட்கக் கேட்க, அவள் முதுகில் அழுந்தியிருந்தது இன்னும் இறுக ஒட்டியது. ரவிக்கையின் முதுகுப் பக்கம் நனைந்தது. இரண்டு இடத்தில். வெதுவெதுப்பாக, நிற்காமல், தாய்ப்பால் வாடையோடு.